கடலூர், புதுச்சேரிப் பகுதியில் வானம் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

கேள்வி இது: "கடலூரில் வசிக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சந்திரயான் நிலவில் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து விண்வெளிப் பேச்சாகவே இருக்கிறாள். நம் பக்கத்தில் பொதுமக்கள் கலந்துகொள்ளும் வானியல் நிகழ்ச்சிகள் உண்டா, சென்னைக்குத்தான் போக வேண்டுமா? பன்னிரண்டாயிரம் ரூபாயில் ஒரு தொலைநோக்கி பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா?"

தொலைநோக்கியை இப்போது வாங்காதீர்கள். சென்னைக்கும் இப்போதைக்குப் போக வேண்டாம். இருபது வருடங்களுக்கு மேலாக இந்தக் கடற்கரை ஊர்களின் பள்ளிகளுக்கும் தெருக்களுக்கும் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். முதலில் உங்களுக்கு வேண்டியது சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதைவிட எந்தத் தேதியில் போகிறோம் என்பதுதான் வானத்தைப் பொறுத்தவரை முக்கியம். தவறான நாளில் மிகப் பெரிய தொலைநோக்கி முன்னால் நின்றாலும் பிள்ளை ஏமாற்றத்தோடுதான் திரும்புவாள். சரியான நாளில் ஒரு குழாய்த் துண்டு போதும்.

குழாய்த் துண்டு என்றது பேச்சுக்காக இல்லை. நம் ஊருக்கு வருடத்தில் இரண்டு முறை நிழலில்லா நாள் வருகிறது. புதுச்சேரி பூமத்திய ரேகைக்கு வடக்கே 11.9 பாகையில் (டிகிரியில்) இருக்கிறது. கடலூர் அதற்குச் சற்றுத் தெற்கே. சூரியன் வடக்கு நோக்கி நகரும்போது ஏப்ரல் 21 வாக்கிலும், தெற்கே திரும்பும்போது ஆகஸ்ட் 21, 22 வாக்கிலும் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. தினமும் நண்பகலில் சூரியன் உச்சிக்கு வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். மற்ற நாட்களில் அது சற்று வடக்கிலோ தெற்கிலோ சாய்ந்தேதான் இருக்கும். டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே உள்ளவர்களுக்கு இந்த நாள் ஒருபோதும் கிடைப்பதில்லை. நமக்கு வாசலிலேயே கிடைக்கிறது.

செய்முறை சொல்கிறேன். வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் பி.வி.சி. குழாயில் ஒரு முழம் நேராக அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்த கொத்தனாரிடம் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் ஒரு மணி நேரத்துக்குக் கேளுங்கள். மொட்டை மாடியில் ஒரு பலகையை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, வெள்ளைத் தாள் விரித்து, குழாயை நட்டுக்குத்தாக நிறுத்துங்கள். ஏப்ரல் 21 என்றால் பதினொன்றரை மணிக்கே தொடங்கிவிட வேண்டும். நிழல் மேற்கே ஒரு பட்டையாக விழுந்திருக்கும். பென்சிலால் அதன் நுனியைக் குறித்துக்கொண்டே வாருங்கள். நிழல் குறுகிக்கொண்டே வந்து, 12 மணி 9 அல்லது 10 நிமிடத்தில் குழாயின் அடிக்குள் போய்விடும். ஆகஸ்ட் மாதத்தில் இது 12.14 வாக்கில் நடக்கும். சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்வதால், இந்தக் காட்சி ஓரிரு நிமிடங்கள்தான் நிற்கும். பிறகு கிழக்குப் பக்கம் மெல்லிய பிறை போல நிழல் எட்டிப்பார்க்கத் தொடங்கும். பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்துக் கைகோத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லோருடைய நிழலும் அவரவர் பாதத்தடியில் ஒடுங்கிக் கிடப்பதைப் பார்த்ததும் கூட்டம் ஒரு நொடி பேச்சு மறந்துவிடும். ஒவ்வொரு வருடமும் அந்த நொடிக்காகவே வெயிலில் நிற்கிறேன்.

இதோடு விட்டுவிடாதீர்கள். கன்னியாகுமரியில் சொந்தக்காரர் யாராவது இருந்தால், அன்று நண்பகலில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, நிழல் மிகக் குறுகலாக இருக்கும்போது அளந்து சொல்லச் சொல்லுங்கள். ஏறத்தாழ ஆறரை, ஏழு சென்டிமீட்டர் வரும், அதுவும் தெற்கு நோக்கி. சென்னையில் அளந்தால் இரண்டு சென்டிமீட்டர், வடக்கு நோக்கி. நமக்கு நிழலே இல்லை. ஒரே நாளில் மூன்று ஊரில் மூன்று நிழல் என்றால் தரை வளைந்திருக்கிறது என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடுவாள். கன்னியாகுமரி நிழலிலிருந்து கோணம் சுமார் 3.85 பாகை என்று வரும். வரைபடத்தில் வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 427 கிலோமீட்டர். இந்த இரண்டை வைத்து 360 பாகைக்குக் கணக்குப் போட்டால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டரை ஒட்டி வந்து நிற்கும். இரண்டாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் எகிப்தில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் செய்ததும் இதே கணக்குதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய விண்வெளி நிகழ்ச்சியை என்னால் காட்ட முடியாது.

இனி இரவுக்கு வருவோம். நம் பகுதியில் வான்நோக்கு நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து எடுத்துச் செல்பவர்கள் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் புதுவை அறிவியல் இயக்கத்தினரும். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களும் தன்னார்வலர்களும்தான். கடலூர்க் கிளையில் யார் இருக்கிறார்கள் என்று மகளின் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டாலே தகவல் கிடைத்துவிடும். புதுச்சேரி இலாசுப்பேட்டையில் அப்துல் கலாம் பெயரிலான அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. மழைக்காலத்துக்கு ஏற்ற இடம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள், அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். இந்தத் தேதிகளை ஒட்டிக் கல்லூரிகளில் கண்காட்சியும் பேச்சும் நடக்கும். ஆகஸ்ட் 23 என்பது 2023இல் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் மாலை 6.04 மணிக்கு இறங்கிய நாள். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து ஊரான விழுப்புரத்துக்காரர் என்பதை மகளிடம் சொல்லுங்கள். ரயிலில் தினமும் கடக்கிற ஊர்ப்பெயர் அது. எங்கோ இருப்பவர்களுடைய வேலை இது என்ற எண்ணம் அதிலேயே கொஞ்சம் உடையும்.

ஆனால் வான்நோக்கு நிகழ்ச்சிக்கு அழைத்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். என்றைக்கு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பௌர்ணமி அன்று வைத்திருந்தால் நிலவைக் காட்டப் போகிறார்கள் என்று பொருள், அது நிலவைப் பார்க்கவே கூடாத நாள். முழுநிலவின் மேல் சூரிய ஒளி நேராக விழுவதால் அங்கே நிழலே இருக்காது. பள்ளமும் மலையும் தெரியாமல் சுண்ணாம்பு பூசிய தட்டு போல இருக்கும், கண்ணும் கூசும். காலண்டரில் வளர்பிறை சப்தமி, அட்டமி, நவமி என்று போட்டிருக்கும் நாட்களைத் தேடுங்கள். பாதி நிலவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டிச் சூரிய ஒளி சாய்வாக விழும். அங்கேதான் ஒவ்வொரு பள்ளமும் தன் விளிம்பின் நிழலைத் தனக்குள்ளேயே போட்டுக்கொண்டு ஆழமாகத் தெரியும். நற்காரியத்துக்கு அட்டமி ஆகாது என்று நம் வீடுகளில் தள்ளிவைப்பார்கள். நிலவு பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

நாங்கள் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியில் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சனிக்கோளைக் காட்டினோம். ஒரே தொலைநோக்கி, மோட்டார் இல்லாதது. நூறு மடங்கு பெருக்கத்தில் பார்வைப் பரப்பு அரை பாகைதான் இருக்கும், பூமி சுழல்வதால் கோள் அதை இரண்டே நிமிடத்தில் கடந்து ஓடிவிடும். பத்துப் பிள்ளைக்கு ஒருமுறை நான் சரிசெய்துகொண்டிருந்தேன். இடையில் யாரோ குழலைப் பிடித்து ஆட்டியிருக்கிறார்கள். கடைசி வகுப்பு வரும்போது ஒரு சிறுமி கண்ணை எடுக்காமல் "இருட்டு நல்லா இருக்கு சார்" என்றாள். குனிந்து பார்த்தேன், வெறும் வானம். அவளுக்கு முன்னால் எத்தனை பேர் வெறும் இருட்டைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் தெரிகிறதே என்று பயந்து தலையாட்டிவிட்டுப் போனார்களோ! அன்றிலிருந்து ஒரு தொலைநோக்கிக்கு ஐம்பது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒவ்வொருவரும் பார்த்ததும் "என்ன தெரிந்தது?" என்று கேட்காமல் நகரவிடுவதும் இல்லை. நீங்கள் போகும் நிகழ்ச்சியில் யாரும் கேட்காவிட்டாலும் மகளிடம் நீங்கள் கேளுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று துணிந்து சொல்ல அவளைப் பழக்கிவிட்டுக் கூட்டிச் செல்லுங்கள்.

சனி என்றதும் இன்னொன்று. பாடப்புத்தகப் படத்தில் உள்ள அகன்ற வளையத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஏறத்தாழ பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை வளையத்தின் விளிம்பு நம்மை நோக்கித் திரும்பும். 2025 மார்ச்சில் அப்படித் திரும்பியது. அதன்பின் அது ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து 2032 வாக்கில்தான் முழு அகலத்துக்கு வரும். அதுவரை ஒல்லியாகத் தெரிந்தால் கருவியில் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். கலிலியோவே 1610இல் பார்த்தபோது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருண்டை ஒட்டியிருப்பதாக நினைத்து, 1612இல் அவை காணாமல் போனதும் திகைத்துப் போனார். வியாழன் ஏமாற்றாது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தை தொடங்கிச் சித்திரை வரை முன்னிரவில் பிரகாசமாக இருக்கும், அதன் நான்கு பெரிய நிலவுகளும் வரிசையாகத் தெரியும். நமக்கு வானம் தெளிவாக இருக்கும் மாதங்களும் அவைதான்.

வானம் தெளிவாக இருப்பதைப் பற்றிப் பேசினால், புதுச்சேரிக்கு வந்து வானத்திடம் தோற்ற ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. குய்யோம் லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர். சூரியனின் முகத்தை வெள்ளிக்கோள் ஒரு சிறு கரும்புள்ளியாகக் கடப்பதைப் பல இடங்களிலிருந்து அளந்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்பதற்காக 1760இல் பிரான்சிலிருந்து கிளம்பினார். அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலில் நின்று பார்த்தார். அந்த அளவு எதற்கும் உதவவில்லை. அடுத்தது எட்டு வருடம் கழித்து. திரும்பிப் போகாமல் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே தங்கி, 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் கட்டினார். முன்பு எதிரிகளாக இருந்த ஆங்கிலேயர்களே சென்னையிலிருந்து நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பி உதவினார்கள். 1769 ஜூன் 4 காலை. அதற்கு முந்தைய நாட்களில் விடியல்கள் தெளிவாக இருந்தன. அன்று மட்டும் மேகம் மூடியது. வெள்ளி சூரியனைக் கடந்து முடித்த பிறகே வானம் திறந்தது. 1771இல் ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டி உறவினர்கள் சொத்தைப் பங்கு போட முயன்றுகொண்டிருந்தார்கள். கடற்கரைச் சாலையில் நடக்கும்போதெல்லாம் அவர் அந்த ஒரு காலையில் கிழக்கே பார்த்து நின்றதை நினைக்காமல் நான் கடந்ததில்லை. 2004இலும் 2012இலும் அதே காட்சி நம் நாட்டில் தெரிந்தது. அடுத்தது 2117 டிசம்பரில்.

ஆகவே மழை மாதங்களான அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிநிகழ்ச்சியை நம்பி யாரையும் தொலைவிலிருந்து அழைக்காதீர்கள். மற்ற மாதங்களிலும் மேகம் வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறவர்களே நல்ல அமைப்பாளர்கள்.

லெ ழாந்தி இங்கே வெறுங்கையோடு இருக்கவில்லை. தமிழர்கள் கிரகணத்தைக் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு பிரான்சில் எழுதினார். பின்னாளில், ஒருகாலத்தில் சென்னை வான் ஆய்வகத்துக்குப் பொறுப்பு வகித்த ஜான் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிப்பாளர் ஒருவரை உட்காரவைத்து 1825இல் மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிடச் சொன்னார். அவர் தாளோ எழுதுகோலோ எடுக்கவில்லை. தரையில் சோழிகளை வரிசை வரிசையாக வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிக்கொண்டே, வைத்தும் எடுத்தும் கணக்கை முடித்தார். தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிடம்தான். நடு நேரத்தில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை வந்தன, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காலண்டரில் திதியைப் பார்க்கச் சொன்னேன் அல்லவா, அந்தத் தாளுக்குப் பின்னால் இப்படி ஒரு கை இருந்திருக்கிறது. சோதிடத்தை மகள் நம்ப வேண்டியதில்லை. சோழி வைத்த அந்தக் கணக்கை அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெறும் கண்ணுக்கு நம் அகலாங்கு ஒரு வரம். துருவ விண்மீன் வடக்கே பன்னிரண்டு பாகை உயரத்தில், கையை நீட்டி மடக்கிய முட்டி ஒன்றுக்குச் சற்று மேலே நிற்கும். மே மாதம் இரவு 9 மணியை ஒட்டித் தெற்கே திரும்பினால் திரிசங்கு, அதாவது தென்சிலுவை தெரியும். இரண்டையும் ஒரே இரவில் பார்க்க ஐரோப்பாவில் வழியில்லை. பிப்ரவரித் தொடக்கத்தில் அதே நேரத்துக்கு அகத்திய விண்மீன் தெற்கே 25 பாகை உயரத்தில் இருக்கும். பாரிஸில் அது உதிப்பதே இல்லை. இதற்கு விளக்கில்லாத இடம் வேண்டும். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் விளக்குகளை விட்டுத் தள்ளிப் போய், ஊருக்கு முதுகு காட்டி, இருபது நிமிடம் கைப்பேசியைப் பார்க்காமல் உட்காருங்கள். அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். விண்மீனை அவர்கள் வெள்ளி என்றே சொல்வார்கள். எந்த வெள்ளி எப்போது எழும் என்பது அவர்களுக்குத் தொழில்.

அதே கடற்கரையிலிருந்து ராக்கெட்டும் பார்க்கலாம். ஸ்ரீஹரிகோட்டா புதுச்சேரியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே. பூமியின் வளைவு மறைப்பதால் ராக்கெட் மூன்று கிலோமீட்டர் உயரம் ஏறிய பிறகே நமக்கு அடிவானத்தைத் தாண்டும். பி.எஸ்.எல்.வி. கடலின் மேல் தென்கிழக்கு நோக்கிச் செல்வதால் வடக்கில் எழுந்து வலப்பக்கமாகக் கிழக்கே நகரும் செம்மஞ்சள் ஒளியாகத் தெரியும். இரவிலோ அந்தியிலோ ஏவினால், வானமும் தெளிவாக இருந்தால், முதல் கட்டம் எரிந்து தீர்வதையும் கவனிக்கலாம். சத்தம் வராது. நேரில் பார்க்க வேண்டுமென்றால், 2019 முதல் ஏவுதளத்தில் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், ஏவுதல் தள்ளிப்போனால் பயணம் வீண். நான் முதலில் கடற்கரையைத்தான் சொல்வேன்.

ஒரு நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ள வேண்டியது காவலூர். திருவண்ணாமலை, போளூர், ஜமுனாமரத்தூர் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் வைணு பாப்பு வான் ஆய்வகம். 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதை 1977இல் கண்டறிந்த நோக்கீடுகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. பார்வையாளர் நேரத்தை இணையத்தில் உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள்.

கிரகணங்களில் இரண்டைக் குறித்து வையுங்கள். 2031 மே 21 அன்று கேரளத்திலும் தென் தமிழகத்திலும் வளையச் சூரிய கிரகணம், நமக்குப் பகுதி கிரகணம். அதற்குச் சான்று பெற்ற சூரியக் கண்ணாடி வேண்டும். எக்ஸ்ரே படச்சுருள், மஞ்சள் தண்ணீரில் தெரியும் பிம்பம் இரண்டும் கண்ணைக் கெடுக்கும், கண் வலிக்காமலே கெடுக்கும். புங்க மரத்தடியில் நின்றால் இலையிடுக்கு வழியே விழும் ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் பிறையாக மாறியிருக்கும். குழந்தைகளுக்கு அதுவே போதும். கிரகணத்தன்று தட்டில் உலக்கை தானாக நிற்கும் என்று யாராவது சொன்னால், முந்தின நாளே அவர்கள் முன்னால் நிறுத்திக் காட்டுங்கள். அடி தட்டையான உலக்கை எந்த நாளும் நிற்கும்.

இன்னொன்று, 2028 டிசம்பர் 31. அன்று இரவு 10 மணியை ஒட்டி ஒரு மணி நேரத்துக்கும் மேல் முழுச் சந்திர கிரகணம். புத்தாண்டு இரவில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் எவ்வளவு கூட்டம் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அத்தனை பேரின் தலைக்கு மேலே நிலவு செம்பு நிறமாகும். மேகம் விலகி நின்றால் இந்தக் கரையில் அதைவிடப் பெரிய வானியல் கூட்டம் கூடப்போவதில்லை. நாங்கள் இப்போதே திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம், ஆட்கள் வேண்டும்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பெட்டியின் மேல் 500 மடங்கு பெருக்கம் என்று அச்சிட்ட சிறு தொலைநோக்கி எதையும் வாங்காதீர்கள். 60 மில்லிமீட்டர் லென்ஸ் தாங்கும் பெருக்கம் 120 மடங்கு வரைதான். அதற்கு மேல் கலங்கிய உருவம்தான் கிடைக்கும். 7 மடங்கு அல்லது 10 மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் உள்ள பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். பாதிக்கும் குறைவான பணம் போதும். கடற்காற்றின் உப்புப் பிசுக்கு லென்ஸில் படியும், சட்டைத் துணியால் தேய்த்துவிடாமல் மூடி போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு டப்பாவில் வையுங்கள். வருகிற வளர்பிறை அட்டமியன்று மாலை ஏழு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய், முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, நிலவின் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டை மேலிருந்து கீழாகப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பள்ளம் எண்ணினாள் என்று தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு அடுத்த வான்நோக்கு நிகழ்ச்சிக்கு வாருங்கள்.